காதர் பாய் சொன்ன ரைட்டு

மேல ஏணி மேடையில காதர் பாயோட ரெண்டு காலு மட்டும்தான் தெரியுது. தலையும் தோளும் இன்ஜின் மூடிக்குள்ள போயிடுச்சி. இடுப்புல சொருவின எண்ணெய்த் துணி பின்னால தொங்கிகினு கீது. அந்தத் துணிய தெனம் ஊட்டுக்கு எடுத்துகினு போயி, சோப்பு போட்டு தோச்சி, மடிச்சி கொண்டாருவாரு. அழுக்குத் துணிக்கு அவ்ளோ மரியாதை குடுக்கற ஆள நான் பாத்ததே இல்ல.

மத்தியான நேரம். சிமெண்டுத் தரை கொதிக்குது. பக்கத்துல இன்னொரு விமானம் இன்ஜின ஓட்டிகினு நிக்குது, அந்த சத்தத்துல பல்லு கூட ஆடுது. நான் முன் சக்கரத்தாண்ட நெழல்ல குந்திகினு கீறேன்.

கீழ நிக்கற இன்ஜினீர் தத்தா சாரு அண்ணாந்து பாத்து இன்னாவோ கேட்டாரு. பாய் உள்ள இருந்துகினே பதில் சொன்னாரு.

"ரைட்டு சார், ரைட்டு."

ஏணிய மாட்டியிருந்த டிராக்டர் நவுந்துச்சி.

இவ்ளோதான் கதை. இத்தோட முடிச்சிக்கலாம்னு கூட தோணுது. வயசாச்சி, சில கதைய சொல்றப்ப மூட்டை தூக்கற மாதிரி மூச்சு வாங்குது. ஆனா பாதியில வுட்டா உங்களுக்கு ஒண்ணும் புரியாது. கொஞ்சம் சுத்தி வளைச்சிதான் சொல்லணும்.

மேனாம்பேடும் மீனம்பாக்கமும்

மொத வாட்டி கேக்கறவங்களுக்காக சொல்லிடறேன். என் பேரு ஏகாம்பரம். ஊடு அம்பத்தூர் மேனாம்பேடு. வேலை பாத்தது மீனம்பாக்கம் ஏரோடிராமுல. விமானத்துக்கு கட்டை போடறது என் வேலை.

விமானம் வந்து நின்னதும் சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை வெக்கணும். கெளம்பறப்ப உருவணும். பஸ்ஸு மேட்டுல நின்னா பின் சக்கரத்துக்கு கல்லு வெப்பாங்களே, அத்தே கதைதான். கல்லுக்கு பதிலா ரப்பர் கட்டை, மஞ்சா பெயிண்டு அடிச்சது. எல்லாரும் என்ன கட்டைன்னுதான் கூப்புடுவாங்க. ஆளும் கொஞ்சம் கட்டைதான், ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

எனக்கு பொண்ணு பாத்தப்ப, ஊடு மேனாம்பேடு, வேலை மீனம்பாக்கம்னு தரகரு சொல்லிகீறாரு. பொண்ணோட தாய்மாமனுக்கு காது மந்தம். ரெண்டும் ஒரே ஊருன்னு நெனச்சிகினு, மாப்பிள்ளைக்கு ஊட்டாண்டயே வேலை, மத்தியானம் சோத்துக்கு ஊட்டுக்கு வந்துடுவான்னு ஊரெல்லாம் சொல்லிட்டாரு. கல்யாணம் ஆன மறுவாரம் நான் கோழி கூவறதுக்கு முன்னாடி டிபன் பாக்ஸோட கெளம்பறேன், என் பொண்டாட்டி வாசல்ல நின்னு முழிக்கிறா. கடைசி வரைக்கும் அத்த சொல்லிக் காட்டிகினே இருந்தா. காதுல வுழறது ஒண்ணு, அர்த்தம் வேறன்னா வாழ்க்கையே எங்கியோ போயிடும். சிரிப்புக்கு சொல்லல.

விமானத்தாண்ட வேலை செய்யறவன் காத நம்பவே கூடாது. அத்தொட்டுதான் அங்க எல்லாம் கை பாஷை. ரெண்டு கையையும் மூடி கட்டைவெரல உள் பக்கமா காட்டினா கட்டைய போடு. வெளிப் பக்கமா காட்டினா உருவு. கைய மேல குறுக்கால வெச்சா நில்லு. எனக்கு எழுத்து வாசனை கெடையாது, ஆனா இந்த பாஷை மட்டும் தண்ணி பட்ட பாடு.

ஒரே ஒரு கொறை. டிராக்டர் காரனுக்கும் ஏணி காரனுக்கும் மட்டும் நாங்க வாயாலதான் சொல்லுவோம். "வா வா வா, ஹோல்டான்." "எடு, ரைட்." எவனும் அத்த தப்புன்னு நெனைக்கல. பஸ்ஸுல அப்படித்தான சொல்றாங்க.

பூந்தமல்லியில ஏறினவரு

பஸ்ஸுன்னதும் கண்ணப்பன் ஞாபகம் வந்துட்டான். டிராக்டர் ஓட்டினது அவன்தான். மண்ணூர்பேட்டை ஆளு. எங்க அப்பன் மாதிரியே அவன் அப்பனும் கூலிக்கு ஏர் ஓட்டினவன்தான். அம்பத்தூர்ல ஃபேக்டரி எஸ்டேட் வந்தப்புறம் நெலம் பூரா ஷெட்டாயிடுச்சி, பசங்க நாங்க ஆளுக்கு ஒரு பக்கமா வேலைக்கு பூட்டோம். கண்ணப்பன் மொதல்ல பிரைவேட் பஸ்ஸுல கிளீனரு. காஞ்சிபுரம் ரூட்டு. வாலிப வயசு முழுக்க பின் படியில தொங்கிகினு, பஸ்ஸு தகரத்த தட்டி, "ரைட் ரைட்"னு கத்தினவன். அவன் தூக்கத்துல கூட ரைட்டுன்னு பொலம்புவான்னு அவன் சம்சாரம் செல்வி சொல்லும்.

நானும் கண்ணப்பனும் அம்பத்தூர்ல ஏறி ஆவடி வருவோம். அங்கிருந்து வேற பஸ்ஸு. பருத்திப்பட்டு ஏரி ஓரமா வர்றப்ப ஜன்னல்ல ஈரக் காத்து அடிக்கும், அப்ப ஒரு கோழித் தூக்கம். பூந்தமல்லியில எறங்கி பல்லாவரம் பஸ்ஸுக்கு நிக்கணும். அங்க காதர் பாய் எங்களுக்கு முன்னாடியே வந்து ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு புடிச்சி வெச்சிருப்பாரு.

பாயோட அப்பா பூந்தமல்லியில தகர வேலை பாத்தவரு. டிரங்கு பொட்டி, எண்ணெய் புனலு, கோழித் தீனி டப்பா. பாயும் சின்ன வயசுல அந்த சுத்திய தூக்கினவருதான். அப்பால ஐடிஐ படிச்சி விமானத்துல மெக்கானிக்கு ஆனாரு. கண்ணப்பன் அவர ஓட்டுவான். "இன்னா பாய், டிரங்கு பொட்டிக்கும் விமானத்துக்கும் ரெக்கை ஒண்ணுதான வித்தியாசம்?" பாய் சிரிக்காம சொல்லுவாரு. "பொட்டிக்கு பூட்டு நல்லா இருக்கும் கண்ணப்பா."

பல்லாவரம் போய் சேர்ற வரைக்கும் இதே பேச்சுதான். நடுநடுவுல கண்டக்டரு "ஹோல்டான்", "ரைட்". அந்த ரெண்டு வார்த்தைய எங்க மூணு பேரு காதும் எத்தினி ஆயிரம் வாட்டி கேட்டிருக்கும்.

ஒரு சுத்து சுத்தி வர்றது

விமானம் கெளம்பறதுக்கு முன்னாடி இன்ஜினீரும் மெக்கானிக்கும் சேந்து அத்த ஒரு சுத்து சுத்தி வருவாங்க. மூக்குல ஆரம்பிச்சி, ரெக்கை, சக்கரம், வாலு, அப்படியே திரும்பி மூக்கு. கோயில் பிராகாரம் மாதிரின்னு நெனைச்சிக்கங்க, ஆனா சாமி கும்புடற நெனைப்போட சுத்தக் கூடாது, சந்தேகத்தோட சுத்தணும். பாய் அப்படித்தான் சொல்லுவாரு. நல்லாத்தான் கீதுன்னு நெனைச்சிகினு பாத்தா ஒண்ணும் கண்ணுல படாதாம்.

மூக்காண்ட நீட்டிகினு இருக்கற குழாய்க்கு ஒறை போட்டிருக்கும், அத்த கழட்டணும். பூச்சி கூடு கட்டிடப் போவுதுன்னு போடற ஒறை. சக்கரத்து காலு மடங்கிடாம இருக்க ஒரு ஊசி மாதிரி கம்பி சொருவி இருக்கும், அத்த உருவணும். எல்லாத்துலயும் செவப்பு ரிப்பன் தொங்கும். காத்துல செவப்பா ஏதாவது ஆடிச்சின்னா விமானம் பறக்க கூடாது, அவ்ளோதான் சட்டம். டயர்ல வெட்டு கீதா, எண்ணெய் சொட்டுதா, இன்ஜின் விசிறி இலை எதுனா மொக்கையா கீதா, ரெக்கைய பறவை மோதிச்சா, எல்லாம் பாக்கணும்.

தத்தா சாரு கல்கத்தா பக்கத்து ஆளு. நல்ல மனுசன். மீனு கொழம்பு வெச்சா எங்களுக்கும் ஒரு டப்பாவுல கொண்டாருவாரு, எங்க ஊட்டு கொழம்ப விட கொஞ்சம் தித்திப்பா இருக்கும். தமிழு பேசுவாரு, தட்டுத் தடுமாறி. அவசரம் மட்டும் சாஸ்தி. விமானம் லேட்டானா அவருக்குத்தான் மேல இருந்து திட்டு வுழும்.

இன்னும் ஒண்ணு சொல்லிட்டா அன்னிக்கு நடந்தது புரியும். இன்ஜின் ஒசரத்துல இருக்கற பெரிய விமானத்துக்கு, சக்கரம் வெச்ச ஏணி மேடைய டிராக்டர்ல மாட்டி இழுத்துகினு வருவாங்க. ஆளு மேல ஏறறதுக்கு முன்னாடி கொக்கிய கழட்டணும், டிராக்டர் தனியா போயிடணும், ஏணி சக்கரத்துக்கு கட்டை போடணும். சின்ன கொழந்தைக்கு கூட புரியற ரூலு.

அன்னிக்கு

அன்னிக்கு விமானம் ஏற்கனவே லேட்டு. ஜனங்கள எல்லாம் பஸ்ஸுல ஏத்தியாச்சி, வெயில்ல நிக்குது பஸ்ஸு. சுத்தி வர்றப்ப ஒரு இன்ஜின் அடியில எண்ணெய்க் கோடு ஒண்ணு பாய் கண்ணுல பட்டுச்சி. தொட்டுப் பாத்தாரு. பழசு இல்ல, ஈரம்.

கண்ணப்பன் ஏணிய இழுத்துகினு வந்தான். கொக்கிய கழட்ட எறங்கினான். தத்தா சாரு வேணாம்னு கைய ஆட்டினாரு, ஒரு நிமிசம்தான், பாய் பாத்துட்டு எறங்கிடுவாரு, அப்படியே நில்லுன்னாரு. கண்ணப்பன் திரும்ப ஏறி குந்திகினான், நானும் ஏணிக்கு கட்டை போடல. டிராக்டர் இன்ஜினும் ஓடிகினேதான் இருந்துச்சி. பாய் மேல போனாரு, மூடிய தொறந்தாரு, டார்ச்ச வாயில கவ்வினாரு, தலைய உள்ள வுட்டாரு.

கசிவு எந்தப் பக்கம், லெஃப்டா ரைட்டான்னு தத்தா சாரு கேட்டாரு. பாய் டார்ச்ச கையில எடுத்துகினு சொன்னாரு. ஒரு வாட்டி சொன்னா சத்தத்துல கேக்காதுன்னு ரெண்டு வாட்டி சொன்னாரு.

கண்ணப்பனுக்கு சாரு கேட்டது காதுல வுழல. பாய் சொன்னது மட்டும் வுழுந்துச்சி. ரெண்டு ரைட்டு. கண்டக்டரு குடுக்கற மாதிரியே.

ஏணி ஒரு ஆளு ஒசரம் கூட நவுந்திருக்காது. மேடையோட கம்பி இன்ஜின் மூடிய ஒரசிச்சி, தகரம் மடங்கற சத்தம் கேட்டுச்சி. பாய் வுழுந்தது எனக்கு கேக்கவே இல்ல. நான் திரும்பினப்ப அவரு தரையில ஒருக்களிச்சி கெடக்கறாரு, அந்த எண்ணெய்த் துணி அவரு மொகத்து மேல. தொடை எலும்பு போயிடுச்சி.

கண்ணப்பன் டிராக்டர்ல இருந்து எறங்கல. ஸ்டீரிங்க புடிச்சிகினு அப்படியே இருந்தான். நான்தான் போயி சாவிய திருப்பி வண்டிய அணைச்சேன்.

லெஃப்டுன்னா இன்னா?

விமானம் அன்னிக்கு போவல. அடுத்தடுத்து பெரிய பெரிய ஆளுங்க வந்து பாத்தாங்க. பாதி பேரு மொதல்ல மடங்கின தகரத்த பாத்துட்டு, அப்பாலதான் ஆளு எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டாங்க. கோவம் வரல எனக்கு. அசதியா இருந்துச்சி.

விசாரணைக்கு டில்லியில இருந்து ஒரு ஆபீசர் வந்தாரு. என்னையும் கூப்புட்டாங்க. கூட யூனியன் சண்முகம் இருந்தான், இந்தியும் இங்கிலீசும் அவனுக்கு கொஞ்சம் வரும், நான் சொல்றத மாத்தி சொல்றதுக்கு.

ஆபீசருக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. டிராக்டர எடுக்க சொல்லி எவனாவது சொன்னானா இல்லியா. சொன்னாரு சார், ரைட்டுன்னு சொன்னாருன்னேன். அது எந்தப் பக்கம்னு கேட்டதுக்கு பதில் ஆச்சேன்னாரு. ஆமா சார், அதும்தான்னேன். அவரு பேனாவ பாத்தாரு, என்ன பாத்தாரு. சண்முகம் பாவம், மெட்ராஸ்ல பஸ்ஸ எடுக்க ரைட்டுன்னுதான் சொல்லுவாங்கன்னு வெளக்கி வெளக்கி வேர்த்துட்டான்.

ஆபீசர் ரொம்ப நேரம் யோசிச்சாரு. அப்பால கேட்டாரு, "ரைட்டுன்னா போ. சரி. லெஃப்டுன்னா இன்னா?"

சண்முகம் என்ன பாத்தான். நான் அவன பாத்தேன்.

"லெஃப்டுன்னா ஒண்ணும் இல்ல சார்."

ஆபீசர் பேனாவ மூடி வெச்சிட்டாரு.

வெளிய வந்து சண்முகம் நெலமைய சொன்னான். முடிச்சு இப்ப பாய் வாயிலதான் கீது. பாயாண்ட அவங்களே ஆஸ்பத்திரிக்கு போயி கேப்பாங்க. போக சொல்லவே இல்லன்னு பாய் சொன்னா, கண்ணப்பன் தன் இஷ்டத்துக்கு வண்டிய எடுத்ததா ஆவும், வேலை போயிடும், போலீசு கேஸு கூட வரலாம். நான்தான் போக சொன்னேன்னு பாய் சொன்னா, கண்ணப்பன் தப்பிச்சிக்குவான், ஆனா பாய் தானா தேடிகினதா ஆயிடும். காலும் போயி, ஒக்காந்து செய்யற வேலையும் குடுக்க மாட்டாங்க.

தத்தா சாரு கொக்கிய கழட்ட வேணாம்னு கைய ஆட்டினத நான் சொன்னேனே, அது எழுத்துல ஏறிச்சான்னு கேட்டேன். சாரு அத்த பத்தி வாய தொறக்கல, நீ மட்டும் சொன்னா எடுபடாதுன்னான்.

ஆஸ்பத்திரி

செல்வி மேனாம்பேட்டுக்கே வந்துட்டா. என் பொண்டாட்டி காபி குடுத்தா, தொடல. கண்ணப்பன் சாப்புடறதில்ல, பேசறதில்ல, தெனம் காலையில கெளம்பி ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்ல டீக்கடையில போயி நிக்கறானாம், உள்ள போவறதில்லியாம்.

"அண்ணே, பாய் உங்க பேச்ச கேப்பாரு. ஒரு வார்த்தை சொல்ல சொல்லுங்கண்ணே."

எந்த வார்த்தைன்னு எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் பாக்கறேன்மான்னு மட்டும் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில பாயோட காலு கம்பியில தொங்குது. ஊட்டம்மா ஆரஞ்சு உரிச்சிகினு கீறாங்க. என்ன பாத்ததும் அவங்களுக்கு வெளங்கிடுச்சி. மொகத்த திருப்பிகினு சொன்னாங்க, நீங்க எதுக்கு வந்தீங்கன்னு தெரியும், இவரு யாரையும் போக சொல்லல, இருக்கறத சொன்னா போதும், எங்களுக்கும் புள்ளைங்க கீது. அவங்க சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. நான் நாற்காலியில குந்திகினு மின்விசிறிய பாத்துகினு இருந்தேன்.

பாய்தான் ஆரம்பிச்சாரு. "கண்ணப்பன் வந்தானா?"

எதுத்த கடையில நிக்கறான்னேன்.

"டீ குடிக்கிறானா?"

"இல்ல பாய்."

ஆரஞ்சு சுளைய என் கையில குடுத்தாரு, தின்னுன்னாரு.

"ஏகாம்பரம், நான் ரைட்டுன்னு சொன்னேன். அது நெசம். சாரு கேட்டதுக்குத்தான் சொன்னேன், அதும் நெசம். அவனும் நானும் ஒரே பஸ்ஸுல வந்தவங்க. அந்த வார்த்தை அவன் காதுல எப்படி வுழும்னு எனக்கு தெரியாதா? ரெண்டையும் சொல்லிடறேன். ஒண்ண மட்டும் சொன்னா பொய்யாயிடும்."

ஊட்டம்மா தோல கூட்டி காயிதத்துல மடிச்சாங்க.

நான் எழுந்து வாசப்படி தாண்டறேன், பின்னால இருந்து கூப்புட்டாரு.

"திரும்பிப் பாத்திருக்கலாம் இல்ல அவன்? ஒரே ஒரு தடவ."

அத்த நான் கண்ணப்பனாண்ட சொல்லல. ஆனா ரோட்ட தாண்டி நான் வர்றப்பவே அவன் என் மொகத்துல படிச்சிட்டான். என் தோள புடிச்சிகினு, "பின்னால பாக்கலண்ணே, பின்னால பாக்கல"ன்னு அதையே சொல்லிகினு இருந்தான். டீக்கடைகாரன் ரேடியோவ கொறைச்சான்.

சோத்தாங்கை

பாய் சொன்ன மாதிரியே சொல்லிட்டாரு. ரெண்டையும். அவரு சொன்னத கேட்டப்புறம் தத்தா சாருக்கும் சும்மா இருக்க முடியல போல. கொக்கிய கழட்ட வேணாம்னது நான்தான்னு அவரே போயி ஆபீசராண்ட சொல்லிட்டாரு. தாமசமா சொன்னாரு, ஆனா சொன்னாரு. அவருக்கு வர வேண்டிய பெரிய வேலை வரல.

கண்ணப்பனுக்கு வேலை தங்கிச்சி. வண்டி போயிடுச்சி. கையில ஒரு சாக்குப் பை குடுத்து, விமானம் நிக்கற எடத்துல குப்பை பொறுக்க வுட்டாங்க. அது கேவலமான வேலை இல்ல, ஒரு கல்ல இன்ஜின் உறிஞ்சிச்சின்னா உள்ள எல்லாம் நாசம். ஒடஞ்ச பூட்டு, சூட்கேஸ் சக்கரம், ஊக்கு, சின்ன கல்லு, எல்லாம் அவன் பைக்குள்ள. தலைய தூக்காம நடப்பான். கல்ல தேடிகினு குனிஞ்சானா, யாரு கண்ணையும் பாக்க வேணாம்னு குனிஞ்சானான்னு எனக்கு தெரியாது.

அப்பால ஒரு நோட்டீசு ஒட்டினாங்க. எனக்கு படிச்சி சொன்னாங்க. வாயால சொல்லி எந்த வண்டியும் நவுரக் கூடாது, கை பாஷை மட்டும்தான். ஆளு மேல இருந்தா கொக்கி கழட்டியே ஆவணும். எப்பவோ இருந்த ரூலுதான், புது காயிதத்துல.

நோட்டீசுல இல்லாத ஒண்ணு நாங்களா பண்ணிகினோம். ரைட்டுங்கற வார்த்தைய எவனும் அங்க சொல்றதில்ல. யாரும் கூடிப் பேசி முடிவு பண்ணல, தானா நின்னுடுச்சி. சோத்தாங்கை பக்கம்னு சொல்ல ஆரம்பிச்சோம். அப்ப இன்னொரு பக்கம் பீச்சாங்கை ஆயிடுச்சி. தத்தா சாரும் அத்தையே புடிச்சிகினாரு. "ஷோத்தாங்கை டயர் ஓகே, பீச்சாங்கை டயர் ஓகே"ன்னு அவரு பாட்டுக்கு சொல்லிகினே சுத்தி வருவாரு. ஒரு நாளு தமிழு பைலட் ஒருத்தரு கூட சுத்தி வந்தாரு, சாரு பீச்சாங்கை இன்ஜின்னு சொன்னதும் மனுசன் தொப்பிய கழட்டிகினு அந்தாண்ட திரும்பி நின்னுட்டாரு, தோளு குலுங்குது. அன்னிக்குத்தான் சாருக்கு அர்த்தம் தெரிஞ்சுது. எங்கள மொறைச்சாரு. ஆனா மாத்தல.

பல்லாவரம் பஸ்ஸு

பாய் திரும்பி வர ரொம்ப நாளாச்சி. கோலு ஊனிகினு வந்தாரு. ஸ்டோர்ல நாற்காலி போட்டு குடுத்தாங்க. அந்த செவப்பு ரிப்பன் ஒறை, கம்பி எல்லாம் அவருதான் எடுத்து குடுக்கணும், திரும்ப வாங்கி வெக்கணும். பிஞ்ச ரிப்பன அவரே ஒக்காந்து தைப்பாரு.

கண்ணப்பன் ஸ்டோர் பக்கமே போவறதில்ல. வர்றப்ப எங்களுக்கு முந்தின பஸ்ஸு, போறப்ப பிந்தின பஸ்ஸு. பாய் ஜன்னல் வழியா துண்டு போடறது நின்னுடுச்சி, இப்ப நான்தான் போடறேன். மூணு பேரு சீட்டுல ரெண்டு பேரு. பாய் அத்த பத்தி கேக்கவே மாட்டாரு. நானும் சொல்ல மாட்டேன்.

அப்படியே ஒரு மழைக்காலம் வந்துச்சி. ஒரு நாளு சாயங்காலம் பேய் மழை. பல்லாவரத்துல முழங்கால் தண்ணி. பூந்தமல்லிக்கு பஸ்ஸே இல்ல. அப்பால ஒண்ணே ஒண்ணு வந்துச்சி, அதுக்கு ஊரே ஓடுது. கூட்டத்துல கண்ணப்பனும் இருந்தான், அன்னிக்கு அவனுக்கும் வேற பஸ்ஸு இல்ல. அவன் வாலிபத்துல தொங்கின ஆளு, தாவி பின் படியில ஏறிட்டான். நான் பாய கைத்தாங்கலா இட்டுகினு வர்றேன்.

பாய் கோல மேல வெச்சாரு. நல்ல கால படியில வெச்சாரு. மத்த காலு இன்னும் தண்ணிக்குள்ள கீது.

உள்ள இருந்து கண்டக்டரு குரல் குடுத்தான். "ரைட்."

பஸ்ஸு உறுமிச்சி. அப்ப ஒரு குரலு கேட்டுச்சி பாருங்க, அந்த மழை சத்தத்த கிழிச்சிகினு.

"ஹோல்டான்."

கண்ணப்பன். படியில நின்னுகினு பஸ்ஸு தகரத்த ரெண்டு கையாலயும் தட்டறான். டிரைவரு பிரேக் போட்டான். உள்ள எல்லாரும் முன்னால சாஞ்சி திட்டறாங்க. கண்டக்டரு கூட்டத்த தள்ளிகினு வந்தான்.

"இன்னாய்யா, பஸ்ஸு உன் மாமனாரு குடுத்த சீதனமா? நீ யாரு ஹோல்டான் சொல்றதுக்கு?"

கண்ணப்பன் அவன் பக்கம் திரும்பல. குனிஞ்சி பாயோட மத்த கால ரெண்டு கையாலயும் புடிச்சி, கொழந்தைய தூக்கற மாதிரி தூக்கி படியில வெச்சான். பேன்ட்டுல வடியற தண்ணிய தொடைச்சி வுட்டான். அவன் மொகம் பூரா தண்ணி, மழையா வேறயான்னு நான் பாக்கல.

எவனோ எழுந்து சீட்டு குடுத்தான். பாய் மெதுவா போயி குந்தினாரு. கால நீட்டினாரு. கோல ரெண்டு முட்டிக்கு நடுவுல நிறுத்தினாரு. சட்டைய ஒதறினாரு. கண்டக்டரு பொறுக்காம டிக்கெட் பைய தட்டிகினு நிக்கறான். பஸ்ஸு மொத்தமும் பாய பாத்துகினு கீது.

விமானத்தாண்ட வுழுந்த நாளுல இருந்து அந்த வார்த்தைய அவரு வாயால நான் கேட்டதில்ல. ஊட்டுல கூட சொல்றதில்லன்னு அவங்க ஊட்டம்மா சொல்லிகீறாங்க.

பாய் தலைய தூக்கி பின் படி பக்கம் பாத்தாரு.

"ரைட்டு, கண்ணப்பா."

கண்டக்டரு விசிலு ஊதல. பாய் சொன்னது டிரைவரு காதுலயே வுழுந்துடுச்சி போல. பஸ்ஸு நவுந்துச்சி.

கண்ணப்பன் பின் படியில கம்பிய புடிச்சிகினு நிக்கறான். இந்த வாட்டி அவன் பாய திரும்பிப் பாத்துகினேதான் வந்தான், பூந்தமல்லி வர்ற வரைக்கும்.